ஃபிலிமுக்கு எதற்கு மடி ஆசாரம்?

ஃபிலிம் கேமரா வைத்திருக்கும் இரண்டு பேர் பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்துக்குள் ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார்: "ஸ்கேன் பண்ணிட்டா அப்புறம் அது ஃபிலிமே இல்லியே பாஸ்." சொல்கிறவர் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர். முயல் தீவுக் கலங்கரை விளக்கத்தையும் ரோச் பூங்காவையும் உப்பளத்தையும் கருப்பு வெள்ளையில் எடுத்திருப்பார். படங்கள் நன்றாகவே இருக்கும். அவற்றை நமக்குக் காட்டுவது போனில்தான். அதாவது ஸ்கேன் செய்துதான். அந்த முரண்பாட்டைப் பற்றி அவர் அலட்டிக்கொள்வதில்லை.

இந்த வாதத்தைச் சில வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் ரசனை சார்ந்த சின்ன வீம்பு என்று விட்டுவிட்டேன். இப்போது அப்படி விட முடியவில்லை. தூத்துக்குடியில் மூடும் நிலையில் இருக்கும் ஒரு ஸ்டூடியோவின் பழைய நெகட்டிவ்களை வார இறுதிகளில் உட்கார்ந்து ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். 'சுத்த ஃபிலிம்' பேசுகிறவர்களும் சரி, 'ஸ்கேன் ஆச்சுல்ல, தூக்கிப் போடு' என்பவர்களும் சரி, இரண்டு தரப்புமே அந்த டப்பாக்களுக்குச் செய்வது ஒரே கெடுதல் என்பது அங்கே உட்கார்ந்தால் புரியும்.

முதலில் சுத்தக்காரர்களிடம் பேசுவோம்.

அவர்கள் தரப்பில் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே, டெவலப்பர் தட்டில் வெள்ளைத் தாள் மெல்லக் கருத்து உருவம் எழுவதைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். நன்றாகப் போடப்பட்ட வெள்ளிப் பிரிண்டின் கருப்புக்கு ஒரு ஆழம் உண்டு. அதைக் கையால் செய்யக் கற்றவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் சண்டை இருட்டறையோடு இல்லை. இருட்டறைக்கு வெளியே இருப்பதெல்லாம் தீட்டு என்று சொல்வதோடுதான்.

இந்தத் தீட்டுக் கதைக்கு வரலாறு ஒத்துழைக்காது. 1990களின் கடைசியிலிருந்தே கலர் லேபுகளில் ஃபியூஜி ஃப்ரன்டியர் போன்ற மினிலேப் இயந்திரங்கள் வரத் தொடங்கிவிட்டன. அந்த இயந்திரம் என்ன செய்தது? நெகட்டிவை ஸ்கேன் செய்தது, கணினியில் நிறத்தைத் திருத்தியது, பிறகு லேசர் ஒளியால் போட்டோத் தாளில் எழுதியது. அந்தத் தாள் வழக்கம்போல ரசாயனத்தில் கழுவப்பட்டு வெளியே வந்தது. உங்கள் அக்கா கல்யாண ஆல்பம் 2000ஐ ஒட்டி நகரத்து லேபில் போட்டது என்றால், 'அசல் ஃபிலிம் படம்' என்று நீங்கள் பெட்டியில் பூட்டி வைத்திருப்பது ஒரு ஸ்கேனின் பிரிண்டாகவே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. யாருக்கும் தீட்டு ஒட்டவில்லை.

சினிமாவிலும் அதே கதைதான். 2000களில் தமிழ்ப் படங்கள் ஃபிலிமில் எடுக்கப்பட்டு, நெகட்டிவ் ஸ்கேன் செய்யப்பட்டு, கணினியில் நிறம் சரிசெய்யப்பட்டு, மறுபடி ஃபிலிமில் பதிவாகித் தியேட்டருக்குப் போயின. டிஐ என்று டைட்டில் கார்டில் ஓடியது அதுதான். அந்தப் படங்களின் ஒளிப்பதிவைப் பற்றி இன்றைக்கு உருகி உருகி எழுதுகிற அதே கைதான் ஸ்கேனரைப் பார்த்து முகம் சுளிக்கிறது.

இன்னும் பின்னால் போகலாம். 1839-இல் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் அறிவித்த முறையில் போட்டோத் தாள் எப்படித் தயாரானது தெரியுமா? காகிதத்தைச் சாதாரண உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, மேலே சில்வர் நைட்ரேட்டைப் பூச வேண்டும். இரண்டும் சேர்ந்து வெயிலில் கருக்கும் வெள்ளி உப்பாகிவிடும். போட்டோகிராஃபியின் ஆரம்பமே கையில் கிடைத்ததை ஒட்டவைத்த கலவைதான். இன்று போனில் எடுத்த படத்தைக்கூட ஒளி ஊடுருவும் தாளில் நெகட்டிவாக இங்க்ஜெட்டில் அடித்து, உப்புத் தாளின் மேல் வைத்து, வெயிலில் காட்டி பிரிண்ட் எடுக்கிறார்கள். டிஜிட்டலில் தொடங்கி டால்பட்டின் காலத்தில் போய் முடியும் பிரிண்ட். இந்தியாவின் பெரிய உப்பு உற்பத்தி ஊர்களில் ஒன்று தூத்துக்குடி. வெயிலுக்கும் பஞ்சமில்லை. இந்த முறையைச் சொல்லித்தர உலகத்திலேயே பொருத்தமான ஊரில் உட்கார்ந்துகொண்டு 'சுத்தம்' பேசுகிறோம்.

அப்புறம் பணம். இருட்டறைக்கு ஒரு தனி அறை வேண்டும், என்லார்ஜர் வேண்டும், தாள் வேண்டும். தாளைப் பல முறை அலச நிறையத் தண்ணீர் வேண்டும். வாடகை வீட்டில், குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைக் கணக்கு வைத்துக் குடத்தில் பிடிக்கிற ஊர்க்காரனுக்கு இது கட்டுப்படியாகுமா? ஒரு காலத்தில் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது. 1960-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம். 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் தாளும் நம் ஸ்டூடியோக்களுக்கு வந்தன. இப்போது அங்கே உற்பத்தி இல்லை. நல்ல தாளுக்கு வெளிநாட்டுச் சரக்கைத்தான் நம்ப வேண்டும். இந்த நிலையில் 'இருட்டறைப் பிரிண்ட் மட்டுமே ஃபிலிம்' என்பதன் நடைமுறை அர்த்தம், வசதி உள்ளவன் மட்டுமே ஃபிலிம்காரன் என்பது. மடிக்கு எப்போதும் தனி அறையும் தனித் தண்ணீரும் தேவைப்பட்டிருக்கிறது. நமக்குத் தெரியாத கதையா?

*

ஸ்கேன் என்பது நெகட்டிவை வாசிப்பது. வாசிப்பு நல்லதாகவும் இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம்.

உப்பளத்தில் மதிய வெயிலில் எடுத்த படத்தையே எடுத்துக்கொள்வோம். உப்புக் குவியலும் வெள்ளை, வானமும் வெள்ளை. டிஜிட்டல் சென்சாரில் ஒரு அளவுக்கு மேல் ஒளி போனால் அந்த இடம் வெறும் வெள்ளையாக நின்றுவிடும். உள்ளே ஒன்றும் இருக்காது. நெகட்டிவ் ஃபிலிமில் அதே இடம் அடர்ந்த கருப்பாகப் பதியும். ஆனால் அந்தக் கருப்புக்குள் உப்பு வாரும் பலகையின் கோடும், தலைச்சுமையோடு வரம்பில் நடக்கும் பெண்ணின் சேலை மடிப்பும் இன்னும் இருக்கும். இருட்டறையில் அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒளி காட்டி அதை வெளியே எடுப்பார்கள். நல்ல ஸ்கேனரும் எடுக்கும். மலிவான ஸ்கேனரின் ஒளி அந்த அடர்த்தியைத் துளைக்க முடியாமல் வெறும் இரைச்சலைத் தரும். ஆக, 'ஸ்கேன் பண்ணினா உயிர் போயிடும்' என்பவர்கள் பார்த்திருப்பது மோசமான ஸ்கேன்களை. லேபில் அவசரமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஜேபெக்கைப் பார்த்துவிட்டு ஃபிலிமின் விதியை எழுதிவிடுகிறார்கள்.

கணக்கு எளிமையானது. 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு சட்டகம் 36-க்கு 24 மி.மீ. அதை 4000 டி.பி.ஐ.-யில் வாசித்தால் சுமார் 2 கோடி புள்ளிகள் கிடைக்கும். ஒரு நிறத்துக்கு 16 பிட் வைத்து அமுக்காமல் டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஒரு கலர்ப் படம் 120 எம்.பி.யைத் தாண்டும். வாட்ஸ்அப்பில் வந்து சேர்வது அதில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. இரண்டுக்கும் பெயர் ஸ்கேன்தான்.

இன்னொரு விஷயம். கலர் ஃபிலிமில் தூசியையும் கீறலையும் அகச்சிவப்பு ஒளியால் கண்டுபிடித்து மென்பொருள் தானே அழித்துவிடும். வழக்கமான கருப்பு வெள்ளை ஃபிலிமில் அது வேலைக்கு ஆகாது, ஏனென்றால் படமாக நிற்கும் வெள்ளியே அகச்சிவப்பை மறித்துவிடுகிறது. மென்பொருளுக்கு முகமும் கீறலும் ஒன்றாகத் தெரியும். அதனால் கருப்பு வெள்ளை நெகட்டிவில் கண்ணும் கையும்தான் வேலை செய்ய வேண்டும். தூரிகையால் தட்டி, சுருண்டதை நிமிர்த்தி, எந்தப் புள்ளி பூஞ்சை, எந்தப் புள்ளி மூக்குத்தி என்று பார்த்துப் பார்த்து. இதில் கைவினை இல்லை என்று சொல்பவர் ஒரு டப்பா நெகட்டிவை ஸ்கேன் செய்துவிட்டு வந்து பேசட்டும்.

*

இப்போது எதிர்த் தரப்பு. என் கோபத்தில் பெரிய பங்கு இவர்களுக்குத்தான். 'டிஜிட்டைஸ் பண்ணியாச்சு' என்ற ஒற்றை வார்த்தையோடு நெகட்டிவைக் குப்பைக்கு அனுப்புகிறவர்கள்.

நான் போகிற ஸ்டூடியோவின் உரிமையாளர் முதல் நாளே கேட்டார்: "தம்பி, நீ எடுத்து முடிச்சதும் இத எடைக்குப் போட்ரலாம்லா?" அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடை வாடகை ஏறிக்கொண்டே போகிறது. பழைய கருப்பு வெள்ளை நெகட்டிவுக்குள் வெள்ளி இருக்கிறது, அதைப் பிரித்தெடுக்க வாங்குகிறவர்கள் இருந்தார்கள். தமிழ் சினிமாவின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று கைவசம் இல்லை. காரியம் முடிந்ததும் ஃபிலிமுக்கு மதிப்பில்லை என்று நினைத்த ஊர் இது. "வேண்டாம் அண்ணாச்சி, இது மூலம், நான் எடுக்கிறது நகல்" என்றேன். "அப்ப நகல் எதுக்கு?" என்றார். நியாயமான கேள்வி. சுத்தக்காரர்களும் அதைத்தானே கேட்கிறார்கள்!

இதற்கான பதில் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது 'ஏட்டில் இருந்தால்தான் சிந்தாமணி, அச்சில் வந்தால் தீட்டு' என்று யாராவது சொல்லியிருந்தால் நாம் இன்றைக்குச் சிரிப்போம். ஏடுகளை ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து, அச்சுக்குக் கொண்டுவந்தார். அச்சானதும் அவர் ஏட்டை அடுப்பில் போடவில்லை. அவர் சேர்த்த ஏடுகள் சென்னையில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் இன்னும் இருக்கின்றன. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதைக் கேட்டுத் துடித்ததையும் அவரே எழுதியிருக்கிறார். அது அவ்வளவு தூரத்து ஊரும் இல்லை, பழைய திருநெல்வேலிச் சீமைதான். ஏட்டை எரித்தவர்களும் ஆசாரமாகத்தான் எரித்தார்கள்.

நெகட்டிவ் ஏடு. ஸ்கேன் அச்சுப் பதிப்பு. இன்றைக்கு என்னிடம் இருக்கும் கருவியால் நான் எடுக்கும் பதிப்பு. பத்து வருடம் கழித்து இதைவிட நல்ல கருவி வரும். அப்போது ஏடு இருந்தால்தான் இரண்டாம் பதிப்பு. எரித்துவிட்டால் என் தவறுகளே நிரந்தரப் பாடம் ஆகிவிடும். மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: மூலத்தை அழித்துவிட்டு வெளியீட்டை மட்டும் வைத்துக்கொள்ளும் எந்தக் குழுவோடும் நான் வேலை செய்ய மாட்டேன்.

*

2023-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் இரண்டு தரப்பின் நம்பிக்கையையும் இரண்டு மாத இடைவெளியில் உடைத்தது.

அக்டோபர் கடைசியில் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் மேல் சைபர் தாக்குதல் நடந்தது. நூலகத்தின் இணையச் சேவைகள் பல மாதங்கள் முடங்கின. அந்த நூலகத்தின் 'அழியும் ஆவணங்கள் திட்டம்' வழியாகத்தான் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியது. மிக நல்ல வேலை. அந்தத் திட்டத்தின் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, மூலப் பொருள் சொந்த நாட்டை விட்டுப் போகக் கூடாது என்பது. அந்தத் தாக்குதலில் அத்திட்டத்தின் இணையப் பக்கமும் இருண்டுபோனது. சர்வர் என்பதும் ஒரு கட்டடத்தில் இருக்கும் டப்பாதான். அதற்கும் வெள்ளம் வரும்.

டிசம்பரில் நிஜ வெள்ளம் வந்தது. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி நகரத்தின் பல பகுதிகள் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. தரைத்தளக் கடைகளும் வீடுகளும் மூழ்கின. ஃபிலிமின் மேல் படிந்திருப்பது ஜெலட்டின். நாள்கணக்கில் நீரில் ஊறினால் ஊதிப்போகும், உரியும். அப்படியே காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிவிடும். அந்தப் பாளத்தைப் பிரித்தால் உருவம் பக்கத்து ஃபிலிமோடு போய்விடும்.

வெள்ளம் வராவிட்டாலும் இங்கே காற்றே எதிரி. கடலோர ஈரத்தில் ஜெலட்டினில் பூஞ்சை பிடிக்கும். அசிட்டேட் ஃபிலிம் மெல்லச் சிதைந்து வினிகர் வாடை அடிக்க ஆரம்பிக்கும். டப்பாவைத் திறந்ததும் ஊறுகாய் ஜாடி மாதிரி மூக்கில் ஏறினால், உள்ளே சிதைவு தொடங்கி நாளாகிவிட்டது என்று அர்த்தம். வெளிப்படும் அமிலமே மிச்சத்தையும் வேகமாக அரிக்கும். உப்பில் பிறந்த கலை, உப்புக் காற்றில் சாகிறது.

ஆக, சர்வர் மட்டும் போதாது, டப்பா மட்டும் போதாது. இரண்டும் அழியும், ஆனால் வெவ்வேறு விதமாக, வெவ்வேறு நேரத்தில். இரண்டையும் வைத்துக்கொள்வதன் முழு லாபமும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

*

இதெல்லாம் பாதுகாப்பு விஷயம். இதைவிட அவசரமானது ஒன்று உண்டு. அது ஆட்கள்.

மன்னார் வளைகுடாவில் இந்தியப் பக்கம் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. அதற்குப் பிறகு பார்களில் சிப்பி விளைச்சல் குளிப்புக்குக் கட்டுப்படியாகவில்லை. 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில் அழகர்சாமி செயற்கை முத்து வளர்ப்பில் வெற்றி கண்டார். அது ஆய்வகத்தின் கதை. கல்லைக் காலில் கோத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்களின் தலைமுறை 1961-லேயே கரையேறிவிட்டது. அன்று இருபது வயது இருந்தவருக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். இன்றைக்கும் திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், கம்ப்ரசர் காற்றைக் குழாயில் இழுத்துக்கொண்டு. ஆனால் அந்தப் பழைய குளிப்பை உடம்பால் அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நான் ஸ்கேன் செய்த டப்பாவில் ஒரு 6-க்கு 6 நெகட்டிவ். தோணி ஒன்றில் பத்துப் பன்னிரண்டு பேர். உறையில் ஊர் இல்லை, தேதி இல்லை, பெயர் இல்லை. கையில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முகமும் ஒரு குருணை அரிசி அளவு, அதுவும் கருப்பு வெள்ளையாகவும் வெள்ளை கருப்பாகவும் மாறி. ஸ்கேன் செய்து டேப்லெட்டில் போட்டு, திரேஸ்புரத்தில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டியதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஏ, இது எங்க சித்தப்பால்லா!" என்றார். அப்புறம் நிற்கவில்லை. நாலு பேருக்குப் பெயர் சொன்னார். யார் யாருக்கு மச்சான், யார் கொழும்புக்குப் போய்த் திரும்பவில்லை, எல்லாம் வந்தது. மற்ற முகங்களை அவருக்கும் தெரியவில்லை. "அஞ்சு வருசம் முந்தி வந்திருந்தா எங்க அண்ணன் சொல்லியிருப்பாரு" என்றார்.

சுத்தக்காரர்களே, இதற்கு உங்கள் பதில் என்ன? அந்தக் குருணை முகத்தை அவர் முன்னால் எதை வைத்துக் காட்டுவீர்கள்? முதலில் இருட்டறை கட்டி, வெளிநாட்டுத் தாள் வரவழைத்து, சுத்தமாக ஒரு பிரிண்ட் போடுவதற்குள் அவர் அண்ணனின் பின்னால் போயிருப்பார். தூக்கிப்போடு கட்சியினரே, மிச்ச முகங்களை நாளைக்கு வேறொருவர், வேறொரு கருவியில், இன்னும் தெளிவாகப் பார்த்துப் பெயர் சொல்ல வாய்ப்பிருக்கிறதே, அதற்கு நெகட்டிவ் எங்கே?

பெயர் இல்லாத படம் என்ன ஆகும் என்பதும் இந்தக் கடற்கரைக்குத் தெரியும். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் இந்தப் பகுதியின் முத்து, சங்கு குளிப்பைப் பற்றி 1894-இல் எழுதியவர். 1909-இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அந்த மாதிரித் தொகுதிகளில் மனிதர்களின் முகத்துக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் ஆளின் பெயர் இல்லை, சாதியின் பெயர். நாம் இன்று பெயர் கேட்காமல் ஸ்கேன் செய்து 'பழைய தூத்துக்குடி, அரிய புகைப்படம்' என்று இணையத்தில் போட்டால் தர்ஸ்டனின் வேலையை இலவசமாகத் தொடர்கிறோம், அவ்வளவுதான்.

பொருள் யார் கையில் இருக்கிறது என்பதும் அப்படித்தான். இதே முத்துக்குளித்துறையின் புன்னைக்காயலில் இருந்துகொண்டு அண்ட்ரீக் பாதிரியார் கடற்கரை மக்களுக்காகத் தமிழில் நூல்கள் செய்தார். 1578-இல் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' இன்று பத்திரமாக இருப்பது அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில். யாருக்காக அச்சடித்தார்களோ அவர்கள் ஊரில் இல்லை. நெகட்டிவ்களின் ஸ்கேனும் அப்படியே தூரத்துச் சர்வருக்கு மட்டும் போய்விடக் கூடாது.

*

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான்.

ஸ்கேன் ஒரு முறை செய்தாலும் உருப்படியாகச் செய்யுங்கள். திருத்தாத, அமுக்காத மூலக் கோப்பைத் தனியாக வையுங்கள். தூசி துடைத்த அழகான பதிப்பு வேறு கோப்பாக இருக்கட்டும். நெகட்டிவைப் பழைய பிளாஸ்டிக் உறைக்குள் திரும்பத் திணிக்காதீர்கள். அமிலமில்லாத காகித உறையில் போட்டு, உறைமேல் பென்சிலால் எண் எழுதி, சிலிக்கா ஜெல்லோடு, தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். வினிகர் வாடை அடிப்பதைத் தனியாகப் பிரித்து, அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பெயர் சொல்லக்கூடியவர்களிடம் அந்த மாதமே கொண்டுபோங்கள். கோப்பின் ஒரு பிரதி ஸ்டூடியோக்காரரிடம், ஒன்று படத்தில் இருப்பவர் குடும்பத்திடம், ஒன்று ஊரில் உள்ள நூலகத்தில், ஒன்று வெளியூரில். அந்தக் குடும்பத்துக்குத் தாளில் ஒரு பிரிண்டும் கொடுங்கள். இங்க்ஜெட்டோ, லேபின் லேசர் பிரிண்டோ, உங்களுக்குக் கை வந்தால் வெள்ளிப் பிரிண்டோ, எதுவானாலும் சரி. சுவரில் மாட்டுகிறவர்கள் அது எந்த முறையில் வந்தது என்று கேட்கப்போவதில்லை.

இருட்டறை வைத்திருக்கும் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். நெகட்டிவைக் கையாளத் தெரிந்தவர்கள் நீங்கள்தான். எது ஈமல்ஷன் பக்கம், எதைத் தொடக் கூடாது, எந்தக் கறை கழுவினால் போகும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். என்னைப் போன்ற கணினிக்காரர்களுக்குத் தெரியாது. எங்களுக்குக் கோப்பைப் பத்திரப்படுத்தத் தெரியும், அது உங்களில் பலருக்குத் தெரியாது. மடி கட்டிக்கொண்டு தள்ளி நிற்காமல் ஒரு சனிக்கிழமை வாருங்கள். இன்னும் திறக்காத டப்பாக்கள் பதினேழு இருக்கின்றன. அதில் மூன்றில் வாடை வர ஆரம்பித்துவிட்டது.